மீன்வண்டிக் காற்று

கடியப்பட்டணத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது என் அத்தான் கிளீட்டஸ்தான். வள்ளம் முதல் அலையைத் தாண்டுமுன்பே அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அவருடைய அப்பா சில தடவை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "இவன் கரைக்குப் பொறந்தவன், கரையிலேயே கிடக்கட்டு" என்று கைகழுவிவிட்டார். கரையில் கிடந்தவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். முட்டத்தில் மீனை ஏற்றி, மேலே ஐஸைக் கொட்டி, கொல்லத்திலும் கொச்சியிலும் கொண்டுபோய் இறக்குகிற மினி லாரிகளில் அவர் வாலிபம் முழுவதும் போயிற்று. அதிகம் பேசமாட்டார். சிரித்தால் மீசை மட்டும் லேசாக அசையும்.

நான் அவருடைய மனைவி இசபெல்லின் தம்பி, சிலுவை. மணவாளக்குறிச்சியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் அக்காவைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சாமியாரிடம் நாலு எதிர்க்கேள்வி கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவாள் என்பது ஊரில் பேச்சு. அது பொய்யென்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில், தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவல் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஓட்டினார். அக்கா முன்சீட்டில். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் பிரிஜா பின்னால். காவல்கிணறு பக்கம் பின்டயர் வெடித்து, வண்டி உருண்டு பொட்டல் காட்டில் போய் விழுந்தது. அத்தானுக்கும் பிரிஜாவுக்கும் சிராய்ப்புதான். அக்காவின் இடது கை முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். டயரைப் பார்த்தவர்கள், காற்று குறைவாக இருந்த டயரில் நெடுந்தூரம் ஓடியதால் சூடேறி வெடித்துவிட்டது என்றார்கள். அத்தான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அக்கா காரில் ஏறவில்லை. பஸ்தான். பஸ்ஸுக்கு ஆறு டயர், ஒன்று போனாலும் ஐந்து இருக்கும் என்பது அவள் கணக்கு. நாகர்கோவில் போக வேண்டுமா, பஸ். நெய்யூர் ஆஸ்பத்திரியா, பஸ். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு அத்தான் ஒரு வண்டியில் வருவார், அக்கா பஸ்ஸில் வந்து கோயில் வாசலில் இறங்குவாள். இரண்டு பேருக்கும் சண்டை, அதுதான் தனித்தனியாக வருகிறார்கள் என்று ஊரில் கதை கட்டினார்கள். சண்டையாக இருந்திருந்தால் தேவலை. நான்கூடச் சமாதானம் பேசி முடித்திருப்பேன். பக்கத்து சீட் காலியாக இருக்க, முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஒரு மனிதரிடம் என்ன சமாதானம் பேசுவது?

ஒன்பது வருடம் இப்படிப் போனது. பிரிஜா நர்ஸ் ஆனாள், கொல்லத்தில் கட்டிக்கொடுத்தோம், பிள்ளை பெற்றாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்ததும் அத்தானுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. பேரப்பிள்ளை ஞானஸ்நானத்துக்கு இசபெல்லைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் கூட்டிப்போவேன் என்றார். அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஆசை என்று எனக்கு வேறெதுவும் ஞாபகமில்லை.

திருவனந்தபுரத்தில் பழைய வண்டி விற்கிற ஒருவரிடம் போய் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக் காரை வாங்கி வந்தார். வாங்கியதற்கு ஒரே காரணம்தான். டயரில் காற்று குறைந்தால் அந்த வண்டி தானே சொல்லும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். விற்றவர் ஒரு டயரில் காற்றைப் பிடுங்கி, ஓட்டிக் காட்டி, விளக்கை எரிய வைத்துக் காண்பித்தாராம். அத்தான் வேறெதையும் பார்க்கவில்லை. ஏசி ஓடுகிறதா என்றுகூட வீட்டுக்கு வந்துதான் பார்த்தார்.

அக்கா அவ்வளவு லேசில் மசிகிற ஆளா? அவள் எதிரிலேயே ஒரு டயரில் காற்றைப் பிடுங்கி, கோயில் வரைக்கும் ஓட்டிப் போய்க் காட்டச் சொன்னாள். விளக்கு எரிய அவர் திரும்பி வந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தாள். குறுக்கே வெட்டிய டயரும் நடுவில் ஆச்சரியக்குறியுமாக இருக்கிற அந்தப் படம் அவள் கண்ணுக்கு மீன்சட்டியாகத்தான் தெரிந்தது.

"இந்தச் சட்டி பொய் சொல்லாதே?" என்றாள்.

"சொல்லாது."

"அப்பம் சரி. சட்டி எரியாத வரைக்கும் நான் இருப்பேன். எரிஞ்சா எறங்கிருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

முதலில் மணவாளக்குறிச்சி வரைக்கும் போனார்கள். பிறகு திங்கள்நகர். என் ஸ்டுடியோ வாசலில் வண்டி போனபோது நான் வெளியே ஓடிவந்து பார்த்தேன். அக்கா முன்சீட்டில் இருந்தாள், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவள் போல. அத்தானின் மீசை அசைந்துகொண்டிருந்தது. ஆனால் வண்டி மட்டும் கல்லில் ஏறிக் கல்லில் இறங்குகிற மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. தகடு வைத்த கை வலிக்கிறது என்றாள் அக்கா. பழைய வண்டியல்லவா, குலுக்கத்தான் செய்யும் என்று அத்தான் அதை நாகர்கோவிலில் சர்வீஸுக்கு விட்டார்.

சர்வீஸிலிருந்து வந்த வண்டி பூப்போல ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் அக்காவை ஏற்றிக்கொண்டு நெய்யூருக்குப் புறப்பட்டார். திங்கள்நகர் தாண்டவில்லை, சட்டி எரிந்தது.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. அத்தான் நிறுத்தினார். அவள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். சொன்ன சொல் தவறவில்லை. அத்தான் இறங்கி நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார். நாலும் நன்றாகத்தான் இருந்தன.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. திங்கள்நகரில் ஒரு டயர் கடையில் நாலு சக்கரத்தையும் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. கதவோரத்தில் கம்பெனி ஒட்டியிருந்த கணக்குப்படி முப்பத்து மூன்று பவுண்டு காற்று அளந்து அடித்தார்கள். சட்டி எரிந்தது. தக்கலையில் வால்வு எல்லாவற்றையும் மாற்றினார்கள். சட்டி எரிந்தது. நாகர்கோவிலில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை, காற்று செட்டிங் போட்டீர்களா என்று கேட்டார்கள். போட்டாச்சு என்றார் அத்தான். அப்படியானால் எங்களுக்கும் தெரியவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

கடைசியில் தன் பழைய ஆளான முத்துக்கனியிடம் போனார். மணவாளக்குறிச்சியில் மீன்வண்டிகளுக்கெல்லாம் டயர் பார்க்கிறவர் அவர். முத்துக்கனி டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "என்ன கிளீட்டஸு, காத்தே இல்லையே, பஞ்சுபோலக் கிடக்கு" என்று வழக்கம்போல நாற்பத்தைந்து அடித்துவிட்டார். சட்டி அணைந்தது! அத்தானுக்கு உயிர் வந்தது. ஆனால் வண்டி மறுபடி தூக்கிப் போட ஆரம்பித்தது. அக்கா கை வலியோடு ஒரு தடவை போய்வந்து, இந்தக் குலுக்கலில் கொல்லம் வரைக்கும் என்னால் முடியாது என்றாள். இவர் வேறு கடையில் போய்க் காற்றைச் சரிபார்த்தார். அவர்கள் முப்பத்து மூன்றாக்கினார்கள். சட்டி எரிந்தது.

ஞானஸ்நானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தான் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மனசு கேட்காமல் ஒரு யோசனை சொன்னேன்.

"அத்தான், கறுப்பு டேப்பு ஒரு துண்டு எனக்க கடையில இருக்கு. சட்டி மேல ஒட்டிவிடுதேன். டயருக்கு ஒண்ணுமில்லைன்னு நமக்குத் தெரியும்லா? அக்கா நிம்மதியா இருந்து வருவா."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் முப்பத்தெட்டு வயதில் என் அப்பன்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏலே சிலுவை, அவ அந்த வெளக்க நம்பித்தான் எனக்கப் பக்கத்துல இருக்கா. என்னை நம்பி இல்ல. அதையும் நான் மூடிவச்சா பொறவு என்னலே இருக்கு?"

டேப்பை அதற்குப் பிறகு நான் எடுக்கவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீட்டு முற்றத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். வண்டி நடுவில் நின்றது. அத்தான் மெதுவாகச் சொன்னார், "வித்துரலாம்னு நினைக்கேன். நீ பஸ்ஸுலயே வா. நானும் பஸ்ஸுல வருதேன்."

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு தன் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தாள்.

"இந்தச் சட்டி எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"காத்து கொறவுன்னு அர்த்தம்."

"எதைவிடக் கொறவு?"

அத்தான் முழித்தார். நானும் முழித்தேன். இத்தனை கடை ஏறி இறங்கியதில் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வரவில்லை.

"இல்ல, கேக்கேன். கொறவுன்னா ஒரு அளவு வேணும்லா? இவ்வளவு இருக்கணும், இதைவிடக் கொறஞ்சா கத்துன்னு அதுகிட்ட ஆரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்" என்றார் அத்தான். "வண்டி வாங்குன அன்னைக்கு முத்துக்கனி கடையில நிறையக் காத்து அடிச்சுப்போட்டு பொத்தானை அமுக்கினேன். அமுக்கும்போ எவ்வளவு இருக்கோ, அதுதான் சரியான அளவுன்னு வண்டி வச்சுக்கிடும். வித்தவர் சொல்லித்தந்தாரு."

"எவ்வளவு அடிச்சிய?"

"நாப்பத்தஞ்சு."

"அது ஆருக்க கணக்கு?"

"மீன்வண்டிக்கு அதாக்கும் கணக்கு."

அக்கா இடுப்பில் கைவைத்தாள். "நான் என்ன நெத்திலியா? என்னை ஐஸ் போட்டா கொண்டுபோறிய?"

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கத் தொடங்கியிருந்தது. நாற்பத்தைந்துதான் சரி என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அப்புறம் சர்வீஸில் தொடங்கி யாரெல்லாம் முறையாக முப்பத்து மூன்று அடித்தார்களோ, அப்போதெல்லாம் அது குறைவு குறைவு என்று கத்தியிருக்கிறது. பாவம், அது தனக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

"சரி, இப்பம் முப்பத்துமூணுல வச்சு மறுபடி அமுக்கவேண்டியதுதானே?" என்றேன்.

"அமுக்கப்பிடாது. ஒருக்காதான்" என்றார் அத்தான். பதறிப்போய் வண்டிக்குள் குனிந்து, முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே அந்தப் பொத்தான் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வைத்திருந்தார், யார் கையும் தெரியாமல்கூடப் பட்டுவிடக் கூடாதென்று. "ஒருக்கா ஞெக்கியா மதி, ஒருக்கா அமுக்குனா போதும்னாரு வித்தவர். ஞானஸ்நானம் போல. ஒருக்கா ஆயிட்டா பொறவு கொடுக்கப்பிடாது."

நான் அந்தத் திருவனந்தபுரத்து ஆளுக்கு அங்கேயே போன் போட்டேன். அவர் முதலில் புரியாமல் குழம்பி, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். காற்று அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒருக்கா அமுக்கினால் போதும், இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டாம் என்றுதான் அவர் சொன்னாராம். ஆயுசுக்கு ஒருக்கா என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

போனை வைத்துவிட்டு நான் சொன்னதும் அத்தான் வண்டியில் சாய்ந்து நின்று பெருமூச்சு விட்டார். அக்கா மட்டும் விடவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா? முப்பது வருசமா வண்டி ஓட்டுதிய. காருக்கு எவ்வளவு காத்துன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெருவில் சைக்கிளில் மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"தெரியும். அன்னைக்குக் காத்து கொறவா இருந்துதான் வெடிச்சு. புறப்படும்போ நான் டயரைப் பாக்கல. அதுல இருந்து காத்து அடிக்க நிக்கும்போ எனக்குக் கை நிக்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு தோணும். பேடிதான், இசபெல்லு, பயம்தான். ஒரு வண்டி விடாம அப்படித்தான் அடிக்கேன்."

அக்காவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதை மறைக்கக் கோபப்பட்டாள்.

"எனக்கு மட்டும்தான் பேடின்னு நினைச்சு நான் இத்தனை வருசம் வெக்கப்பட்டுக் கிடந்தேனே மனுசா! உங்களுக்கும் உண்டும்னு ஒருநாள் சொன்னா என்ன?"

"சொன்னா நீ எப்பிடி நான் ஓட்டுத வண்டியில ஏறுவ?"

"சொல்லாம இருந்தும் ஏறலியே!"

இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் மூக்கைச் சிந்தினேன்.

பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. மறுநாள் வெயில் ஏறுமுன், இரவல் வாங்கிய பம்போடு, டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவு பார்த்து, நாலிலும் முப்பத்து மூன்று வைத்தோம். அத்தான் அளவைப் படிக்க, அக்காவும் தனியாக ஒரு தடவை படித்துச் சரிபார்த்தாள். பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்து, பொத்தானை அவளே அமுக்கிப் பிடித்தாள். கிணிங் என்று ஒரு சத்தம் வந்தது. முட்டம் வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார்கள். சட்டி எரியவில்லை. அதோடு விட்டாளா? ஒரு டயரில் காற்றைப் பிடுங்கி மறுபடி ஓட்டச் சொன்னாள். எரிந்தது. "இப்பம் உள்ளதச் சொல்லுது" என்றாள். பிடுங்கிய டயரில் மறுபடி காற்றை நிறைத்து, மறுபடி ஒருக்கா அமுக்கினாள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் காலையில் கொல்லத்துக்குப் புறப்பட்டோம். நான் பின்சீட்டில், மடியில் முந்திரிக்கொத்துப் பலகார டப்பா. அக்கா முன்னால் உட்கார்ந்து, மார்த்தாண்டம் வரைக்கும் ரோட்டைப் பார்க்கவில்லை, சட்டி இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். களியக்காவிளையில் கைப்பிடியை விட்டாள். திருவனந்தபுரத்து நெரிசலில், அந்தப் பக்கம் போங்க, இந்தப் பக்கம் போங்க என்று அத்தானுக்கு வழி சொல்ல ஆரம்பித்தாள். வழி தெரிந்தா சொன்னாள்? அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆட்டும், சரி" என்று சொல்லிக்கொண்டே தன் வழியில் போனார்.

ஆற்றிங்கல் தாண்டியதும் பேச்சுக் குறைந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அக்காவின் தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. தகடு வைத்த கை மடியில் தளர்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. லேசான குறட்டைகூட.

அத்தானும் பார்த்தார். அப்புறம் அவர் வண்டி ஓட்டிய விதத்தை நான் எப்படிச் சொல்ல? முன்னால் ஒரு மர லாரி ஊர்ந்து போனது. ஹாரன் அடிக்கவில்லை. அதன் பின்னாலேயே அதைப்போலவே ஊர்ந்தார். மீனோடு போனால் காற்றையே முந்துகிற மனிதர்! பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டு தாண்டிப் போனான், மலையாளத்தில் நல்ல வார்த்தைகள். இவர் காதில் விழவில்லை. எல்லாப் பள்ளத்திலும் வண்டியை இறக்கி ஏற்றிய பாங்கில் டப்பாவில் ஒரு முந்திரிக்கொத்து உடையவில்லை.

கொல்லத்தில் பிரிஜாவின் தெருவுக்குள் நுழைந்தோம். வீட்டைத் தாண்டி வண்டி நேராகப் போனது.

"அத்தான், வீடு போச்சு" என்றேன்.

"தெரியும்லே. மிண்டாத, சத்தம் போடாத."

தெருக்கோடியில் திரும்பி, பின் தெரு வழியாக ஒரு சுற்று வந்தார். அதற்குள் பிரிஜா என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"மாமா, எங்க இருக்கீங்க? இப்பம் வாசல்ல போனது நம்ம வண்டிதானே? ஏன் நிக்கல?"

"உனக்க அம்மா உறங்குதா மக்கா" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"எங்க உறங்குதா?"

"வண்டியிலதான். உனக்க அப்பாவுக்கப் பக்கத்துல."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. அன்றைக்குக் காவல்கிணற்றில் பின்சீட்டில் இருந்த பிள்ளையல்லவா அவள். "எழுப்பாதீங்க மாமா" என்றாள். "நிறையநேரம் உறங்கட்டு. சோறு ஆறினா நான் சூடாக்கித் தருவேன்."

"என்ன சொன்னா?" என்று அத்தான் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எழுப்பாண்டாம்னு சொன்னா."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை இன்னொரு சுற்றுக்குத் திருப்பினார்.